எழவு வீட்டு ஜெனரேட்டர்

கையில என்னங்க அது, ஜெனரேட்டர் கடை நோட்டீஸுங்களா? ஒருக்கா குடுங்க பாக்கலாம். அட, கேரவன் ஏசிக்கா! நீங்க கேரவன் வச்சிருக்கீங்களா? டூரிஸ்டுக்கு வாடகைக்கு விடப் போறீங்க... வால்பாறை, டாப்ஸ்லிப்பு... சரிதான், சரிதான். அப்ப நீங்க எம்பக்கத்துல வந்து உக்காந்தது அந்த மாசாணியம்மாளாப் பாத்து உக்கார வச்சதுங்க. உக்கடம் வரைக்கும்தானுங்களே? அதுக்குள்ள சொல்லிப்போடறேன். நான் பட்ட சீரழிவு இன்னொருத்தன் படக்கூடாது பாருங்க. இந்தாங்க, கடலை மிட்டாய் எடுத்துக்குங்க. நானும் ரெண்டு வாயில போட்டுக்கறேன், பேச்சுக்குத் தெம்பு வேணுமில்லீங்க.

எம்பேரு கிட்டுசாமி. பொள்ளாச்சில கேரவன் கிட்டுசாமின்னா சினிமாக்காரங்க அத்தனை பேருக்கும் தெரியும். தெரிஞ்சிட்டிருந்துச்சு. இப்ப வண்டி எங்க ஊட்டுக்குப் பின்னால தார்ப்பாய் போத்திக்கிட்டு நிக்குது. அதுக்குள்ள பூனை குட்டி போட்டிருக்குது. சீ, கருமம். நெனச்சா சோறு எறங்கறதில்லீங்க.

போன சித்திரைல நடந்தது. ஆனமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புல சூட்டிங்கு. ஹீரோ பேரு வேண்டாம், உட்டுருங்க, அந்தப் பேரச் சொன்னா நாக்கு கசக்குது. கம்பெனி மேனேஜரு சோலையப்பன், மதுரைக்காரரு, எங்கிட்ட மொதல்லயே சொல்லிப்போட்டாரு. "கிட்டுசாமி, இதே கம்பெனி அடுத்த படமும் இங்கதான் எடுக்குது. ஹீரோ தம்பி உன் வண்டில மூஞ்சி சுளிக்காம உக்காந்து எந்திரிச்சுட்டாருன்னா அதுவும் உனக்குத்தான். சுளிச்சாருன்னா மெட்ராஸ்ல இருந்து வண்டி வந்துரும், அப்புறம் இந்தப் பக்கம் நீ தலைவச்சே படுக்க வேணாம்"னாரு. அப்ப எம்பட பொழப்பே அந்தாளோட மூஞ்சிலதாங்க இருந்துச்சு. ஊரான் மூஞ்சியப் பாத்துப் பொழைக்கற பொழப்பு, தூ.

அந்த நேரம் பாத்து வண்டியோட கூடவே இருந்த ஜெனரேட்டரு பொகைஞ்சு போச்சு. தோப்புக்குள்ள கரண்டு கெடையாது. சித்திரை வெய்யில்ல தகரப் பொட்டிக்குள்ள ஏசி இல்லாம மனுசன் இருக்க முடியுங்களா? வெந்துருவான். சரி, தூக்கிட்டுப் போறாப்பல ஒண்ணு வாங்கலாம்னு கடைக்குப் போனேன். இங்கதான் நீங்க நல்லாக் கேட்டுக்கோணும்.

கடைக்காரன் கழுத்துல டையக் கட்டிக்கிட்டு வந்தான். "ஏசி எவ்வளவு சார் இழுக்கும், ரெண்டாயிரம் வாட்ஸ் கூட இல்லை, இந்தச் சின்னதே தாராளம்"னான். பாத்தா பெட்டியாட்டம் கைல தூக்கலாம், கிளிப்பச்சை கலரு. நம்பி வாங்கியாந்தேன். லைட்டு எரிஞ்சுது, டிவி ஓடுச்சு, ஃபேன் சுத்துச்சு. ஏசிய அமுக்குனேன் பாருங்க, 'டொக்'குன்னு ஒரு சத்தம், எல்லாம் அணைஞ்சு போச்சு. மறுக்கா போட்டேன், மறுக்கா 'டொக்'கு. ஏனுங்க தெரியுமா? ஏசி ஓடறப்பத்தான் ரெண்டாயிரம். கெளம்பறப்ப அந்தக் கம்ப்ரசரு மூணு பங்கு இழுக்குது. மாட்டு வண்டி நகர்ற வரைக்கும்தான மாடு மூச்சைப் புடிச்சு இழுக்கும், அப்படி. அந்தப் பொசகெட்டவன் அதைச் சொல்லவே இல்லை. திருப்பிக் கொண்டுபோனா, "பெட்ரோல் ஊத்திட்டீங்க சார், இனி வாங்க மாட்டோம்"ங்கறான். பெட்ரோல் ஊத்தாம மூத்திரத்தையா ஊத்தி ஓட்டறதுன்னு கேட்டுப்போட்டு வந்தேன்.

அப்பறம் வாடகைக்குப் பெருசா ஒண்ணு புடிச்சேன். அது ஏசிய இழுத்துச்சுங்க, நல்லாவே இழுத்துச்சு. ஆனா சத்தம்! நெல்லு மில்லு தோத்துப் போகோணும். இந்தப் படத்துல பேசறதையெல்லாம் அங்கயே ரெக்கார்டு பண்றாங்களாமா. காதுல ரெண்டு கொட்டாங்குச்சி மாட்டுனாப்பல ஒருத்தன் ஓடியாந்தான். "யாருய்யா அது, ஹீரோயின் அழுவுறதுக்குப் பின்னால லாரி ஓட்டுறது"ன்னு குதிக்கறான். நிறுத்துன்னாங்க. நிறுத்துனா ஹீரோ ஏசி கேக்கறாரு. ஓட்டுனா சவுண்டுக்காரன் குதிக்கறான். நடுவுல நானு, மத்தளமாட்டம் ரெண்டு பக்கமும் இடி.

அப்பத்தான் மாகாளி ஞாபகம் வந்துச்சு. எங்க ஊரு வளவுல இருக்கறவன், ஊருக்கு அக்கட்டால தள்ளி இருக்கற காலனிங்க. ஐஸ் பொட்டி வாடகைக்கு விடறான், சாவு உழுந்த ஊட்டுல பொணத்தை வைக்கற பொட்டி இருக்குதில்லீங்க, அதுதான். கூடவே பந்தலு, லைட்டு, ஃபேனு, எல்லாத்துக்கும் ஒரு ஜெனரேட்டரு, சக்கரம் வச்சது. ஏழரை கேவி. எதைப் போட்டாலும் மூச்சுத் திணறாம இழுக்குமுங்க. சத்தம் சுத்தமா இல்லை, ஏன்னா எழவு ஊட்டுல மோட்டாரு சத்தம் போட்டா ஒப்பாரி கேக்காதுல்லங்க! சொந்தக்காரங்க சும்மா உட்டுருவாங்களா? அதனால நாலு பக்கமும் பொட்டி கட்டி அடைச்சு வச்சிருக்கறான். இப்படி ஒண்ணு பொள்ளாச்சியில எந்தக் கடைலயும் இல்லீங்க. நாந்தான் கண்டுபுடிச்சேன்.

ஆளு உட்டு மாகாளிய வரச் சொன்னேன். வந்தான். எங்க ஊட்டு வாசல்ல, அந்த வேப்ப மரத்தடில நிக்க வச்சுப் பேசுனேன். "சூட்டிங்கு முடியற வரைக்கும் குடு"ன்னேன். "எடுத்துக்கங்கண்ணா"ன்னான். அண்ணாங்கறான் பாருங்க. இப்பத்த ஆளுங்க எல்லாம் அப்படித்தான் கூப்பிடறாங்க, நானும் அதைப் பெருசா எடுத்துக்கறதில்லை. "நானும் கூட வந்து ஓட்டறனுங்கண்ணா, மிசினு என்ற கைக்குத்தான் படிஞ்சிருக்குது"ன்னான். "நீ வராண்டாம், நானே பாத்துக்கறேன்"னு தாட்டி உட்டுட்டேன். வண்டி புதுசு பாருங்க.

மிசினு ஊட்டுக்கு வந்ததும் மஞ்சத்தண்ணி கரைச்சுத் தெளிச்சு, ரெண்டு தடவை தொடச்சு எடுத்தேன். எழவு ஊட்டுக்குப் போற பொருளாச்சே. போதாததுக்கு அவன் ஊட்டுல இருந்து வேற வந்திருக்குது. சுத்தத்துக்குத்தானுங்க, வேற ஒண்ணும் இல்லை.

கேளுங்க, ஏசி ஓடுச்சு பாருங்க! உள்ள ஊட்டியாட்டம் ஆயிப்போச்சு. சவுண்டுக்காரன் வந்து மிசினுக்குப் பக்கத்துல காதை வச்சுப் பாத்துப்போட்டு, ஓடுதா நின்னுருச்சான்னு கேட்டான். ஹீரோ கீழ எறங்கி எம்பட தோளைத் தட்டி "சூப்பர் சில்லு ப்ரோ"ன்னாரு. சோலையப்பன், "அடுத்த படம் உனக்குத்தாய்யா"ன்னுட்டாரு. எம்பட சம்சாரத்துக்குப் போன் பண்ணிச் சொன்னேன், அவ அழுதே போட்டா.

அப்படியே போயிருந்தா நான் ஏனுங்க இன்னைக்கு பஸ்ஸுல போறேன்?

சூட்டிங்கு பாக்க ஊருசனம் வரும் பாருங்க. அதுல நாச்சம்மான்னு ஒரு அம்மா. புருசன் செத்து ரெண்டு மாசம்தான் இருக்கும். அது கேரவன் பக்கத்துல வந்துச்சு. மிசினைப் பாத்துச்சு. செவப்பு பெயிண்டு, ஓரத்துல ஒரு நெளிவு. அப்படியே அதும்மேல உழுந்து, "அய்யோ எம்பட சாமீ, கடைசியா உங்களைக் குளுர்ல வச்சிருந்த மோட்டாராச்சே, நான் ராத்திரி பகலா இதும்பக்கத்துலயே கெடந்தனே"ன்னு மாரடிச்சு அழுவுது. கருமாந்திரம், அழுவறதுக்கு ஒரு எடம் வேண்டாமுங்களா?

உள்ள இருந்த ஹீரோ சத்தம் கேட்டு எட்டிப் பாத்தாரு. வயசான பொம்பளை கேரவன் முன்னால உழுந்து அழுவுது. இவரு என்ன நெனைச்சாரு? தன்னையப் பாக்கத்தான் அழுவுதுன்னு நெனைச்சுப்போட்டாரு! படிக்கட்டுல எறங்கி வந்து, "அழாதீங்கம்மா, நான் உங்க புள்ளை மாதிரி"ன்னு தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு. கூட இருக்கற பையன் செல்போன்ல வீடியோ புடிக்கறான். அந்தம்மா மூக்கைச் சிந்தி அவரு சட்டைலயே தொடச்சுப்போட்டு, "தம்பி, உங்க ஊட்டுலயும் சாவுங்களா? பொட்டி உள்ளயா இருக்குது?"ன்னு கேக்குது.

அந்தாளு மூஞ்சியப் பாக்கோணுமே! செத்தவன் கூட அப்படி வெளுக்க மாட்டான். அந்தம்மாளை உதறி உட்டுட்டு, "இது டெத்துக்கு ஓடுன மெசினா? அந்தக் காத்தையா நான் மூணு நாளா மூச்சு இழுத்துட்டு இருந்தேன்?"ன்னு கத்தறாரு. சட்டையக் கழட்டி வீசறாரு. ஓட்டலுக்குப் போயி ரெண்டு மணி நேரம் குளிச்சாராமா. சூட்டிங்கு கேன்சலு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கரண்டுக்குத் தீட்டு இருக்குதுங்களா? நீங்களே சொல்லுங்க. பெட்ரோலை ஊத்துனா ஓடுது, அது கண்ணாலம்னு பாக்குதா, எழவுன்னு பாக்குதா? பொணத்துக்குப் பக்கத்துல நின்னா மிசினும் பொணமா ஆயிருமா? படிச்சவன், ஃபாரின் போறவன், இங்கிலீஸுல பேசறான், இப்படி ஒரு காட்டுமிராண்டித்தனம்! மனுசனை மனுசன் தொட்டா ஒட்டிக்கும்னு நெனைக்கற ஜென்மங்க. தூ! சோலையப்பன்கிட்ட நேராவே சொன்னேன், இந்தக் காலத்துலயும் இப்படி இருக்கறாங்களே, வெக்கமா இல்லையான்னு.

அவரு சொன்னாரு, "தத்துவம் பேசாத கிட்டுசாமி. தம்பிக்கு சாவுன்னா பயம். ஜோசியக்காரன் ஏதோ சொல்லி வச்சிருக்கான். நாளைக்கு மெசினோட சொந்தக்காரனைக் கூட்டியா. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் தவிர எங்கயும் ஓடலைன்னு அவன் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணட்டும். அந்தப் பொம்பளை துக்கத்துல ஒளறிருச்சுன்னு நான் சொல்லிக்கறேன். அவன் வரலைன்னா மெட்ராஸ் வண்டி கெளம்புது."

வேற வழி? அன்னைக்கு நானே வளவுக்குள்ள போனேனுங்க. அதுவரைக்கும் போனதில்லை. வழக்கம் இல்லை, அவ்வளவுதான். மாகாளி சம்சாரம் ஒரு சேரைத் தொடச்சுப் போட்டுச்சு. அவசரம்னு நின்னுக்கிட்டேன். டீ கொண்டாந்துச்சு. சக்கரை நோவுன்னு சொல்லிப்போட்டேன். என்னங்க பண்றது, வாய்ல வந்ததைச் சொல்லித்தான ஆகோணும்.

விசயத்தைச் சொன்னேன். அவன் சம்சாரம், "சூடத்தை அணைச்சுப் பொய் சொன்னா கொழந்தைகளுக்கு ஆகாதுங்க, அதெல்லாம் வேண்டாம்"னு உள்ள இருந்தே சொல்லுது. நான் உட்டனா? "மாகாளி, நீ எத்தனை நாளைக்கு எழவு ஊட்டுக்கே போயிட்டு இருப்ப? சினிமாக் கம்பெனில உம்பேரைச் சேத்து உடறேன், அடுத்த படத்துக்கு ஜெனரேட்டரு பூராவும் நீதான்"னேன். அவன் மூஞ்சி மாறிப்போச்சு. "கண்ணால ஊட்டுக்கு என்னைய யாரும் கூப்புடறதில்லீங்கண்ணா. என்ற மிசினைப் பாத்தாலே கதவைச் சாத்தறாங்க. இதுலயிருந்து வெளிய வந்துரலாம்னா, நீங்க சொல்றதைச் செய்யறேன்"னான். அவன் சம்சாரம் மூஞ்சியத் திருப்பிக்கிச்சு.

மறுநாளு வந்தான். வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய், நெத்தில துன்னூறு. தட்டத்துல சூடத்தைப் பத்த வச்சாங்க. ஹீரோ பத்தடி தள்ளி நின்னுக்கிட்டாரு. மாகாளி கண்ணை மூடிக்கிட்டான். "இந்த மிசினு கோயில் நோம்பிக்கும் கண்ணாலத்துக்கும்தாங்க ஓடுச்சு, இது சத்தியம்"னுட்டு சூடத்தை உள்ளங்கைல அமுக்கி அணைச்சான். எனக்கு அப்பத்தான் உசுரு வந்துச்சு.

ஹீரோவுக்கு மூஞ்சியெல்லாம் சிரிப்பு. ஓடியாந்து மாகாளி தோள்ல கையப் போட்டுக்கிட்டு, "சாரி ப்ரோ, தப்பா நெனைச்சுட்டேன், உள்ள வாங்க, காப்பி சாப்பிடலாம்"னு கையப் புடிச்சு இழுத்துட்டுப் போறாரு. எங்க? எம்பட கேரவனுக்குள்ள!

சரி, நின்னு பேசிட்டு வந்துருவான்னு நெனைச்சேன். உக்கார வச்சாருங்க. சோபாவுல. சந்தனக் கலரு சோபா, எம்பட சம்சாரம் கோயமுத்தூர்ல கடை கடையா ஏறி எறங்கித் துணி எடுத்துத் தெச்சது. ஓனரு நானு, நானே அதுல ஒரு நாளு உக்காந்ததில்லை. அதுல உக்கார்றான். மொதல்ல நுனில உக்காந்தான். ஏசி சில்லுன்னு அடிக்குது. மெல்ல மெல்லப் பின்னால சாஞ்சான். கால் மேல காலெல்லாம் போடலீங்க, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா சாஞ்சுட்டான். முதுகு முழுசும் சோபாவுல. கைல பீங்கான் கப்பு, எங்க ஊட்டு கப்பு. ஹீரோ, "அடுத்த படத்துல நீங்கதான் ப்ரோ ஜெனரேட்டர், மேனேஜர் நோட் பண்ணிக்கங்க"ங்கறாரு. சோலையப்பன் தலைய ஆட்டறாரு. மாகாளி சிரிக்கறான். அவன் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லைங்க.

படிக்கட்டுல நின்னுட்டு இருக்கறேன், எம்பட வண்டி, நான் வெளில நிக்கறேன், அவன் உள்ள சாஞ்சுட்டு இருக்கறான். நாளைக்கு எங்க ஒறம்பரை, சொந்தபந்தம் யாராச்சும் பாத்தா என்ன சொல்லுவாங்க? நானும் பொறுத்துத்தான் பாத்தேன். ரெண்டு நிமிசம், மூணு நிமிசம். கப்பைக் காலி பண்ணுனான், இன்னொருக்கா ஊத்தறதுக்கு ஹீரோ கூட இருக்கற பையன் வந்தான் பாருங்க. அதுக்கு மேல முடியலை.

"மாகாளி, போதும் எந்திரி. காப்பிய எடுத்துக்கிட்டு அக்கட்டப் போயி கீழ உக்காந்து குடி"ன்னேன்.

சத்தமாக் கூடச் சொல்லலை. நல்லபடியாத்தான் சொன்னேன். அவ்வளவுதானுங்க நான் சொன்னது.

ஹீரோவுக்கு ஒண்ணும் புரியலை. சோலையப்பன் எம்பட காலை மிதிச்சாரு. மாகாளி எந்திரிச்சான். கப்பை அலுங்காம மேசை மேல வச்சான். சட்டைய இழுத்து உட்டுக்கிட்டான். ஹீரோவப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டான். "ஐயா, நான் பண்ணுன சத்தியம் பொய்யிங்க. இந்த மிசினு எழவு ஊட்டுல ஓடுனதுதான். அந்த நாச்சம்மா புருசனுக்கும் நாந்தான் ஓட்டுனேன். வேற எங்கயும் இது ஓடுனதில்லீங்க, எங்கயும் என்னையக் கூப்புட்டதும் இல்லீங்க"ன்னான்.

அப்பறம் எம்பக்கம் திரும்புனான். "எழவு ஊட்டுல கூட ஒரு சேரைப் போட்டு உக்காருன்னுதாங்க சொல்லுவாங்க"ன்னான். அண்ணான்னு சொல்லலை பாருங்க. அத்தனை திமிரு.

எறங்கிப் போயி மிசினை நிறுத்துனான். ஏசி ஒரு இருமு இருமி நின்னு போச்சு. ஒத்தையாளா அதைத் தோப்பு வழியா தள்ளிட்டுப் போறான், திரும்பிக் கூடப் பாக்கலை. ஹீரோ கேரவன்ல இருந்து குதிச்சு ஓடுனவருதான். சோலையப்பன் என்னையத் திட்டுன திட்டை பஸ்ஸுல சொல்ல முடியாது, பொம்பளைங்க இருக்கறாங்க. சாயங்காலம் மெட்ராஸ் வண்டி வந்துருச்சு. அதோட முடிஞ்சுது. ஒரு கம்பெனியும் கூப்புடறதில்லை, அந்த எழவு வண்டியான்னு கேக்கறாங்க. எம்பட சம்சாரம் எங்கிட்ட மொகம் கொடுத்துப் பேசறதில்லை. அவளும் மாகாளி பக்கமாப் பேசறா பாருங்க, "சித்த நேரம் கம்முனு இருந்திருக்கக் கூடாதா"ங்கறா. சோபா தெச்சது அவதான், அவளே சொல்றா!

நானுங்களா தப்பு? அவனுக்கு நான் எவ்வளவு பண்ணுனேன். வளவுக்குள்ள போனேன். அவன் வாசல்ல நின்னேன். சினிமாவுல சேத்து உட்டேன். அவன் பொழப்பையும் கெடுத்துக்கிட்டான், எம்பட பொழப்பையும் கெடுத்தான். இன்னும் எழவு ஊடு எழவு ஊடாத்தான் அந்தப் பொட்டியத் தள்ளிட்டுத் திரியறான். ஒரு வார்த்தை பொறுத்திருந்தா என்னங்க? நம்ப வச்சுக் கழுத்தறுத்துப்போட்டான். நன்றிகெட்ட உலகம், நெனைச்சாலே ஓக்காளம் வருது.

அதனால சொல்றேன், நீங்க கடைலயே புதுசா வாங்கிருங்க. ஆனா கெளம்பறப்ப எவ்வளவு இழுக்கும்னு கேட்டு, மத்தியான வெய்யில்ல ஏசியப் போட்டுக் காட்டச் சொல்லி வாங்குங்க. பொகைக் கொழாயை சன்னல் பக்கம் வச்சுராதீங்க. முக்கியமா, யாரு கைப்பட்ட பொருளுன்னு விசாரிக்காம வாடகைக்கு எடுத்துராதீங்க. நாம சாதி பாக்கறவங்க கெடையாது, ஆனா எச்சரிக்கையா இருக்கோணுமில்லீங்க.

ஆமா, பேச்சு வாக்குல கேக்கவே மறந்துட்டேன். நீங்க எந்த ஊருன்னீங்க? கோட்டூரா? கோட்டூர்ல எங்கீங்க, ஊருக்குள்ளயா, இல்லை அக்கட்டாலயா? உங்க ஐயன் பேரு என்னங்க? யாரு ஊடுன்னு சொன்னீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிரும்...

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? கிணத்துக்கடவே இன்னும் வரலீங்களே, உக்கடத்துக்குத்தான டிக்கெட்டு எடுத்தீங்க? நோட்டீஸை உட்டுட்டுப் போறீங்க பாருங்க... அட, சீட்டு காலியாத்தான் இருக்குது, அங்க ஏனுங்க கம்பியப் புடிச்சுட்டு நிக்கறீங்க? நான் என்னங்க தப்பாக் கேட்டுப்போட்டேன்? எந்த ஊருன்னுதானுங்களே கேட்டேன்?